நாலாம் நம்பரில் மைனஸ் ஆறு

எங்கள் செருப்புக் கடையில் வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கேட்ட அளவு இல்லாவிட்டாலும் "ஒரு நிமிஷம் உட்காருங்க, எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குள் போவோம். அங்கே என்ன நடக்கும் என்பது எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த தொழில் ரகசியம்.

இப்போது சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பின்கட்டில், மேல் தட்டில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. அதில் பஞ்சு அட்டைகள், சோடி சோடியாக. நாலாம் நம்பர் கேட்ட பிள்ளைக்கு நாலு தீர்ந்துபோயிருந்தால், ஐந்தாம் நம்பரை எடுத்து உள்ளே ஓர் அட்டையைப் போட்டுக் கொண்டுவருவோம். ஆறுதான் இருக்கிறது என்றால் இரண்டு அட்டை. அதற்கு மேல் வேண்டியதெல்லாம் வாய்தான். வாய் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கேட்காமலே கிடைத்த சொத்து.

"வளர்ற புள்ளம்மா," என்பார் சித்தப்பா, பிள்ளையின் குதிகாலை அழுத்திப் பார்த்தபடி. "இந்தக் காலைப் பாருங்க, ஓடப் போற காலு. இப்பவே சரியா வாங்கினீங்கன்னா பரீட்சைக்குள்ள விரல் முட்டும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

பிள்ளை கடைக்குள் நான்கு அடி நடந்து காட்டும். டப் டப் என்று சத்தம் வரும். "கேட்டீங்களா, புது ஷூ பேசுது," என்பார். தாய்க்காரி சிரித்துவிடுவாள். சிரித்தால் வியாபாரம் முடிந்தது.

அப்பா இருந்தவரை இந்த வேலை நடக்கவில்லை. அவருக்கு அளவு என்றால் அளவுதான். அவர் போன பிறகு அம்மா முன்பக்கம் உட்கார்ந்தாள், சித்தப்பா சரக்கு ஆர்டரைக் கையில் எடுத்தார், கொஞ்சம் வளர்ந்ததும் நான் அவருக்குப் போட்டியாக விற்க ஆரம்பித்தேன். அம்மாவும் அப்பா மாதிரியேதான். "அந்த நம்பர் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிடுவாள். அவளுக்கு டப்பா விஷயம் தெரியாது. தெரிந்தால் டப்பா தெருவுக்குப் போகும், பின்னாலேயே நாங்களும் போவோம்.

அக்காவுக்கும் தெரியாது. அவள் அப்போது கல்லூரியில் புள்ளியியல் முடித்துவிட்டு வந்திருந்தாள். வரும்போது ஒரு கம்ப்யூட்டரும் கூட வந்தது. மூடிவிட்ட தட்டச்சுப் பள்ளி ஒன்றிலிருந்து வாங்கிய பழைய பெட்டி. போட்டால் ஈரத்துணி காய்கிற வாசனை வரும். அதைச் சரக்கறையில், ஷூ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் வைத்தாள். "பெட்டிக்கு நடுவுல ஒரு பெட்டி. இது என்ன சைஸ்?" என்று கேட்டார் சித்தப்பா.

அக்காவுக்குக் கடைதான் வேண்டும். விற்பதல்ல, ஆர்டர் போடுவது. எங்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு பெரிய ஆர்டர்: பள்ளிக்கூடம் திறக்கும் மூன்று வாரத்துக்கு வேண்டிய கறுப்பு ஷூ, தொள்ளாயிரம் சோடி. எந்த நம்பரில் எத்தனை என்று கம்பெனி ஏஜென்ட்டிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். மிச்சமெல்லாம் பரணுக்குப் போகும். பரணில் ஏற்கெனவே ஏழும் எட்டுமாக அடுக்கி, பல்லிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

அம்மா ஒரே பேச்சாகச் சொன்னாள். "இந்த ஒரு சீசன் நீ போடு. பரணுக்கு இன்னும் சரக்கு ஏறுச்சுன்னா, பேசாம அந்த ஆபீஸ் வேலைக்குப் போயிடு."

ஆபீஸ் வேலை வேறு ஊரில், ரயிலில் ஒரு நாள் தூரம். சேரச் சொல்லிக் கடிதமே வந்துவிட்டது. அக்கா அதை மேசை இழுப்பறையில் ஷூ லேஸ்களுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்து பில் புத்தகங்களை இறக்கினோம். எங்கள் கடையில் யார் விற்கிறார்களோ அவர்களே பில் எழுதுவது வழக்கம். தேதி, நம்பர், விற்றவரின் எழுத்து. சித்தப்பா 'சி', அம்மா 'அ', நான் 'ந'. சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இல்லாத நேரத்தில் நான் கார்பன் நகல்களைப் பார்த்து வாசிப்பேன், அவள் தட்டுவாள்.

"அஞ்சு, சி. ஆறு, ந. நாலு, அ. அஞ்சு, ந. அஞ்சு, சி…"

"ஏலம் போடாதடா. நிறுத்தி நிதானமாச் சொல்லு."

"வாங்குற ஆளு நீ ஒருத்திதான். வேகமாத்தான் போகும்."

வாசிக்கும்போது என் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் நான் வாசிக்கவில்லை. சில நகல்களில் வலது மூலை நகத்தால் கிள்ளப்பட்டிருந்தது. அது சித்தப்பாவின் ஏற்பாடு. அட்டை போட்டு விற்ற பில்லின் நகலில் ஒரு சைஸுக்கு ஒரு கிள்ளு, இரண்டு சைஸுக்கு இரண்டு கிள்ளு. நாளைக்கு யாராவது பில்லோடு சண்டைக்கு வந்தால், நகலைப் பார்த்ததுமே எந்தப் பதிலை எடுத்து விடுவது என்று தெரியவேண்டும் அல்லவா? முன்ஜாக்கிரதைக்காரர்.

ஒரு வாரத்தில் இரண்டாயிரத்து நானூறு வரி ஏறியது. அன்று மத்தியானம் அம்மாவையும் சித்தப்பாவையும் உள்ளே கூப்பிட்டாள். திரையில் கட்டம் கட்டமாக இருந்த ஷீட்டில், காலியான ஒரு கட்டத்துக்குள் ஏதோ தட்டினாள். மொத்தச் சரக்கும் ஒரே எண்ணாகச் சுருங்கி நின்றது. நாலரை.

"இது சராசரி," என்றாள் அக்கா.

"நாலரை நம்பர் ஷூ எந்தக் கம்பெனிக்காரன்மா செய்யறான்?" என்றார் சித்தப்பா.

"அதனாலதான் சராசரிய மட்டும் நம்பக் கூடாது, சித்தப்பா. நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் பன்னெண்டு மணிக்கு வர்றீங்க, ஒரு நாள் ரெண்டு மணிக்கு. சராசரி பார்த்தா டாண்ணு ஒரு மணி. ஒரு மணிக்கு நீங்க என்னிக்காவது வந்ததுண்டா?"

அம்மா சிரித்ததில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "இத்தனை வருஷமா ஆறிப்போன சாப்பாட்டுக்கு இப்பதான் கணக்கு கிடைச்சிருக்கு."

"அந்த இழுபறிக்கும் ஒரு ஃபார்முலா இருக்கும்மா. திட்ட விலக்கம்னு பேரு. சித்தப்பாவுக்கு அது ஜாஸ்தி." பிறகு மீடியன் காட்டினாள்: எல்லாக் கால்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் கால். மோட் காட்டினாள்: அதிகம் விற்ற நம்பர். அது ஐந்து. கவுண்ட்இஃப் என்று ஒன்றைத் தட்டி, ஒவ்வொரு நம்பரிலும் எத்தனை விற்றது என்று பிரித்துக் காட்டினாள். கடைசியாக வருஷவாரியாகச் சராசரி. நாலு புள்ளி மூன்று. நாலு புள்ளி ஐந்து. நாலு புள்ளி ஏழு.

"பாருங்க," என்றாள். அவள் முகம் திரை வெளிச்சத்தில் பளபளத்தது. "ஊர்ப் பிள்ளைங்க காலு வருஷா வருஷம் பெருசாகுது. இதே போக்குல போனா அடுத்த சீசன் நாலு புள்ளி ஒம்பது. பெரிய நம்பரா ஏத்திப் போடணும்."

"இப்பல்லாம் பிள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்க," என்றாள் அம்மா.

"நான் இதைத்தானே மூணு வருஷமாச் செய்யறேன்? பெருசு பெருசாத்தானே போடறேன்," என்றார் சித்தப்பா. வேடிக்கை என்னவென்றால், அவர் பொய் சொல்லவில்லை. அட்டை போட்டு ஐந்தாக விற்றதையெல்லாம் ஆர்டர் போடும் நேரத்தில் உண்மையான ஐந்து என்றே நம்பினார். சிறிய நம்பர் குறைவாக விற்றதே என்று அடுத்த வருஷம் அதைக் குறைத்தார். குறைத்ததால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. தீர்ந்ததால் டப்பா இன்னும் அடிக்கடி திறந்தது. அவர் நாக்கு ஊரை ஏமாற்றியதைவிட அவரைத்தான் அதிகம் ஏமாற்றியது.

நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஏஜென்ட் வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை மத்தியானம் அக்கா ஆர்டரை அச்சடித்து எடுத்துவிட்டாள். ஐந்தும் ஆறும் ஏழும் மலைபோல. மூன்றும் நாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஓர் உறையை நீட்டினாள்.

"இதைத் தபால்ல போட்டுட்டு வாடா."

"என்ன இது?"

"அந்த ஆபீஸ் வேலை வேண்டாம்னு எழுதியிருக்கேன். இனிமே எனக்கு எதுக்கு அது?"

தெருமுனைத் தபால்பெட்டி கடையிலிருந்து நூறு அடி இருக்கும். நூறு அடியும் நடந்தேன். உறையின் பாதி பெட்டியின் வாய்க்குள் போய்விட்டது. நான் எத்தனையோ பேரை எட்டாம் நம்பரில் நடக்கவிட்டு வீட்டுக்கு அனுப்பியவன். எனக்கு மனசாட்சி கொஞ்சம் பெரிய சைஸ்தான், இங்குமங்கும் ஆடும், உறுத்தாது. ஆனால் இந்த உறை உள்ளே விழுந்து, ஆர்டரும் கவிழ்ந்தால், அக்காவுக்குக் கடையும் இல்லை, வேலையும் இல்லை. அப்போது அவளுக்கு என்ன அட்டை போட்டுச் சமாளிப்பேன்?

உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவள் சரக்கறையில் தனியாக இருந்தாள். நான் ஒரு பில் புத்தகத்தை எடுத்து அவள் முன் விரித்தேன். "இந்த மூலையைப் பாரு."

"எலி கடிச்சிருக்கு."

"எலி இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பின்கட்டு, டப்பா, அட்டை, கிள்ளு, தபாலில் போடாத உறை. சொல்லச் சொல்ல அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அடுக்கியிருந்த அச்சுத்தாளைக் கவிழ்த்துப் போட்டாள்.

"அப்ப காலு வளரல."

"காலு வளரல. எங்க வாய்தான் வருஷா வருஷம் வளந்துச்சு."

"ஒவ்வொரு பில்லுலயும் கிள்ளியிருக்கீங்களா? ஒண்ணு விடாம?"

"விட்டா சித்தப்பா என்னைக் கிள்ளிடுவாரு."

"ஒரு சைஸுக்கு ஒரு கிள்ளு. ரெண்டுக்கு ரெண்டு." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. புள்ளியியல் படித்தவர்களுக்கு அந்த வெளிச்சம் எந்த நேரத்தில் வருமென்று சொல்ல முடியாது. "டேய், அயோக்கியத்தனத்துக்கு இவ்வளவு ஒழுங்கா யாராவது ரெக்கார்டு வைப்பாங்களா? உட்காரு. முதல் புத்தகத்துல இருந்து வா."

ஷீட்டில் புதிதாக ஒரு பத்தி முளைத்தது. தலைப்பு: 'கிள்ளு'. நான் மூலைகளை மட்டும் பார்த்து வாசித்தேன். "சும்மா. சும்மா. ஒண்ணு. சும்மா. ரெண்டு. ஒண்ணு." கடை சாத்தும்வரை ஒன்றரை வருஷம் முடிந்தது. மறுநாள் காலை கடை திறந்ததும் மறுபடி உட்கார்ந்தோம். பதினோரு மணிக்குச் சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். விரித்திருந்த புத்தகத்தையும் என் விரல் நின்ற மூலையையும் பார்த்தார். கையை நீட்டிப் புத்தகத்தை மெதுவாக மூடப் பார்த்தார்.

அதற்குள் அம்மாவும் வந்து நின்றுவிட்டாள். மறைக்க ஒன்றுமில்லை. அக்காவே சொன்னாள், நான் சொன்னதைவிடச் சுருக்கமாக. அம்மா போய் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"அண்ணி," என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"இருங்க. கணக்கு முடியட்டும்," என்றாள் அம்மா.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. விற்ற நம்பரிலிருந்து கிள்ளைக் கழித்தால் உண்மையான கால். அந்தப் பத்திக்குச் சராசரி போட்டாள் அக்கா. முதல் வருஷம் நாலு புள்ளி ஒன்று. இரண்டாம் வருஷம் நாலு புள்ளி ஒன்று. மூன்றாம் வருஷமும் அதேதான். மூன்று வருஷத்தில் ஊர்ப் பிள்ளைகளின் கால் நகக்கண் அளவுகூட வளரவில்லை. மோட் ஐந்திலிருந்து நாலுக்கு இறங்கியது. சந்தேகத்துக்குச் சீசனின் முதல் மூன்று நாள் பில்களை மட்டும் பிரித்துப் பார்த்தாள். எல்லா நம்பரும் கடையில் இருந்த நாட்கள் அவை, அங்கேயும் நாலுதான்.

"யாரு எத்தனை?" என்று மெதுவாகக் கேட்டார் சித்தப்பா.

"எது எத்தனை?"

"கிள்ளின பில்லுதான். எனக்கு எத்தனை, இவனுக்கு எத்தனை?"

அக்கா தட்டினாள். சி: முந்நூற்று நாற்பத்தொன்று. ந: முந்நூற்று எழுபத்தெட்டு.

சித்தப்பாவின் முகம் விழுந்தது. பிடிபட்டதற்காக அல்ல. "என்னைத் தாண்டிட்டானா? நேத்து வந்த பொடியனா?"

"சைஸ் அளவும் பாருங்க," என்றேன். விடுவேனா? "நீங்க சராசரி ஒண்ணே கால் சைஸ். நான் ஒண்ணரையைத் தொடுறேன்."

"அது திறமையாடா? நான் அளவோட பொய் சொல்றவன்!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அம்மா. அப்போது அக்கா திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மொத்தம் எழுநூத்தி இருபது வருது. இவங்க ரெண்டு பேரோடது எழுநூத்திப் பத்தொம்பதுதான். இன்னொண்ணு யாரு?"

வரிசையில் தேடினாள். எழுத்து: அ.

மூவரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா டப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சுடா," என்றாள் கடைசியில். "மறுநாள் பள்ளிக்கூடம். நீங்க ரெண்டு பேரும் எப்படிக் கிள்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் கிள்ளி வச்சேன்."

அதன் பிறகு யார் யாரைக் கோபித்துக்கொள்வது?

நாலு மணிக்கு ஏஜென்ட் வந்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருபவர். பேனாவைத் திறந்து வழக்கம்போல் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா அதை வாங்கி ஒரு கணம் கையில் வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஆர்டர் எழுதிய கை. பிறகு பேனாவை அக்கா பக்கம் திருப்பி, "இனிமே இவகிட்ட பேசுங்க சார். நான் விக்கறவன். எழுதறதெல்லாம் இவதான்," என்றார்.

தொள்ளாயிரம் சோடியில் மூன்றும் நாலும் பாதிக்கு மேல். ஏஜென்ட் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அக்கா என்னிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டு, தானே தபால்பெட்டிவரை நடந்துபோனாள்.

அந்தச் சீசனில் மூன்றாவது வாரம்கூட நாலு கிடைத்தது. பரணுக்குப் போனது பத்தொன்பது சோடி. அம்மா படி ஏறிப்போய்த் தானே எண்ணிவிட்டு இறங்கினாள். இறங்கியதும் அக்காவுக்கு ஒரு டீ சொன்னாள், எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த மூன்று வாரமும் சித்தப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாலு கேட்டால் நாலு இருந்தது. மூன்று கேட்டால் மூன்று. போவார், எடுப்பார், கொடுப்பார். பிள்ளை நடந்து காட்டினால் சத்தமே வராது. தாய்க்காரி தலையாட்டிவிட்டுப் பில்லை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் மத்தியானம், சரியாக ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கேட்டதை எடுத்துக் குடுக்கறதுக்கு நான் எதுக்கும்மா?" என்றார் அக்காவிடம். "அலமாரியே போதுமே."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அடுத்த வருஷம் என்னமோ, கடைசி வாரத்தில் நாலாம் நம்பர் கொஞ்சம் முன்னதாகவே தீர்ந்துபோனது. ஐந்தாறு பேர்தான். சித்தப்பா பின்கட்டுக்குள் ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் உட்காருங்கம்மா!" பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். அக்கா கணக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் சறுக்குகிறாளே என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்டு. தாயும் பிள்ளையுமாக அவரிடம் சிரித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டதே இல்லை. அந்தப் பிள்ளைகளே வளர்ந்து, பிறகு தங்கள் பிள்ளைகளை அவரிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

சித்தப்பா போய் இப்போது ஏழு வருஷம். போகும்வரை சீசனுக்குக் கடையில் நின்றார், கடைசி இரண்டு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

பழைய பெட்டி போய்ப் புதிய கம்ப்யூட்டர்கள் மூன்று மாறிவிட்டன. ஷீட் மட்டும் அதேதான். வருஷா வருஷம் நகலெடுத்து நகலெடுத்து வருகிறது. போன மாதம் அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஆர்டரை நீயே போட்டுவிடு என்று சொல்லிவிட்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு கட்டமாகத் திறந்து ஃபார்முலாவைப் பார்த்தேன். மூன்றாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே ஃபார்முலா. நாலாம் நம்பர் கட்டத்தில் மட்டும் கடைசியில் ஒரு சின்ன வால்: மைனஸ் ஆறு.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "நாலுல ஒரு மைனஸ் ஆறு நிக்குதே. தப்பா?"

 கட்டுப் போட்ட கண்ணோடு அக்கா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"அது சித்தப்பாவுக்கு," என்றாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை என் பின்னாடி நின்னு திரையைப் பார்த்தாரு. 'ஆறு போதும்மா, முன்ன மாதிரி ஓட முடியல'ன்னாரு."

"இப்ப எடுத்துடட்டுமா?"

"உன் இஷ்டம். நீதானே ஆர்டர் போடறே."

போனை வைத்தேன். சுட்டியை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஏஜென்ட் வந்துவிட்டார், இப்போது அவர் மகன், அவனும் டைதான். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் மேல் தட்டில் துழாவினேன். டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே பஞ்சு அட்டை நாலே சோடி.

ஆறுக்கு இன்னும் இரண்டு சோடி வாங்கிப் போட வேண்டும்.